தேயிலையின் அமெரிக்க உறவு

மாணவர்களே, கேமரன் மலைக்குச் சென்றிருக்கிறீர்களா? சரிவு முழுவதும் இடுப்பளவு உயரத்தில் தேயிலைச் செடிகள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். உண்மையில் அவை மரங்கள்! வெட்டாமல் விட்டால் தேயிலை 10 மீட்டருக்கும் மேல் வளரக்கூடியது. கொழுந்து பறிக்க வசதியாகத்தான் அதைக் கவாத்து செய்து குட்டையாக வைத்திருக்கிறார்கள். கிளை நுனியில் சுரக்கும் ஆக்சின் என்னும் ஊக்கி, பக்கமொட்டுகளை வளரவிடாமல் தடுக்கும். நுனியை வெட்டியதும் அந்தத் தடை நீங்குகிறது. பக்கக் கிளைகள் பெருகிக் கொழுந்து நிறையத் துளிர்க்கிறது.

ஏன் கேமரன் மலை?

ஜே.ஏ. ரசல் 1929இல் இங்கு 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கினார். தேயிலைக்குக் குளிர்ச்சியும் நல்ல மழையும் வேண்டும். மண் அமிலத்தன்மையுடன், பி.எச். 4.5 முதல் 5.5 வரை இருப்பது நல்லது. ஆனால் வேரடியில் நீர் தேங்கக்கூடாது. தேங்கினால் வேர் காற்றின்றி அழுகிவிடும். மலைச்சரிவில் மழைநீர் வடிந்துவிடுவதால் அந்தக் கவலை குறைவு.

ஒரே ஆற்றங்கரை

இதே குணங்கள் கொண்ட உறவினர் ஒருவர் தேயிலைக்கு வட அமெரிக்காவில் இருக்கிறார். பெயர் பிராங்கிளினியா. இரண்டும் 'தியேசியே' என்னும் ஒரே தாவரக் குடும்பம். இதற்கும் அமில மண் வேண்டும்; நீர் தேங்கினால் ஆகாது. இரண்டின் பூக்களும் வெள்ளை இதழ்களும் நடுவே மஞ்சள் மகரந்தத் தாள்களும் கொண்டவை. ஒரு வேறுபாடு: தேயிலை எப்போதும் பசுமையாக இருக்கும். பிராங்கிளினியா இலையுதிர் காலத்தில் சிவந்து, பனிக்காலத்திற்கு முன் இலைகளை உதிர்த்துவிடும்.

ஜான் பார்ட்ரம், அவர் மகன் வில்லியம் ஆகிய இருவரும் 1765இல் ஜார்ஜியாவின் அல்டமஹா ஆற்றங்கரையில் இம்மரத்தைக் கண்டனர். பிற்பாடு வில்லியம் அங்கிருந்து விதைகளைச் சேகரித்துவந்து பிலடெல்பியாவிலுள்ள தங்கள் தோட்டத்தில் வளர்த்தார். நண்பர் பெஞ்சமின் பிராங்கிளினின் பெயரையே மரத்திற்குச் சூட்டினர். 1803க்குப் பிறகு காட்டில் இம்மரத்தை யாரும் பார்க்கவில்லை! இன்று உலகிலுள்ள பிராங்கிளினியா மரங்கள் எல்லாம் அந்தத் தோட்டத்து மரங்களின் வாரிசுகளே.

இது இயற்கையாக வளர்ந்ததாக அறியப்பட்டது அந்த ஓரிடத்தில் மட்டுமே. ஒரே இடத்தை நம்பி வாழும் மரத்திற்கு அந்த இடம் கெட்டால் வேறு போக்கிடம் ஏது? விதை எடுத்து வைத்த ஒருவரால்தான் அது பிழைத்தது.

கேமரன் மலையிலும் தேயிலைத் தோட்டங்களுக்கு மேலே, சுமார் 2,000 மீட்டர் உயரப் பிரிஞ்சாங் மலையில் பாசிக்காடு இருக்கிறது. மேகம் தரும் ஈரத்தையும் குளிரையும் நம்பியே அங்கு மரங்கள் குட்டையாக வளர்கின்றன. அவற்றை அடிவாரத்தின் வெயிலுக்கு மாற்றி நட்டுக் காப்பாற்றிவிட முடியாது; காடு அங்கேயே இருக்கவேண்டும்.

அடுத்த முறை செல்லும்போது, கவாத்துக் கத்தி படாத தேயிலைக் கிளையைத் தேடுங்கள். அதில் ஒரு வெள்ளைப் பூ தெரிந்தால், காட்டில் வீடிழந்த அதன் அமெரிக்க உறவினரை நினைத்துக்கொள்ளுங்கள்.