முழங்கால் தண்ணீரின் செல்வம்

பழவேற்காட்டுக்குப் போகிறவர்கள் முதலில் படகு ஆசையை விட்டுவிட வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து, சுற்றிப்பார்க்க வந்த 22 பேர் இறந்தார்கள். அதன்பிறகு உல்லாசப் படகுச் சவாரிக்குத் தடை வந்தது. யாராவது அருகில் வந்து காதோடு விலை பேசினாலும் ஏறாதீர்கள். நான் பொன்னேரிப் பக்கம் விலங்கியல் ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவள். மாணவர்களையும் உறவுக்காரர்களையும் இந்த ஏரிக்கு அழைத்து வந்து பழகியவள். கரையில் பொறுமையாக நிற்கத் தெரிந்தவர்களுக்குத்தான் இந்த ஊர் தன்னைக் காட்டுகிறது.

ஒடிசாவின் சிலிக்காவுக்கு அடுத்தபடியாக, இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி பழவேற்காடு. பெரும்பகுதி ஆந்திரத்தில் கிடக்கிறது. தென்முனைதான் நம் திருவள்ளூர் மாவட்டத்துக்கு. கடலுக்கும் ஏரிக்கும் நடுவில் ராக்கெட் ஏவும் ஸ்ரீஹரிகோட்டா தீவு நீளவாக்கில் படுத்திருக்கிறது. வற்றும்போது சுமார் 250 சதுர கிலோமீட்டர், நிறையும்போது 450 என்று ஏரியின் பரப்பு மாறிக்கொண்டே இருக்கும். இவ்வளவு விரிந்த நீருக்குச் சராசரி ஆழம் ஒரு மீட்டர்தான்.

அந்த ஆழமின்மைதான் இந்த ஏரியின் சொத்து. வெயில் அடிமண் வரை இறங்குகிறது, பாசி செழிக்கிறது, இறால் குஞ்சும் மீன் குஞ்சும் அதைத் தின்று வளர்கின்றன. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஆரணி ஆறும் காளங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டுவந்து சேர்க்கும். கோடையில் உப்பு ஏறும். கடலுக்கும் ஏரிக்கும் நடுவே நீர் வந்து போகிற வழி முகத்துவாரம். மணல் சேர்ந்து அது தூர்ந்துவிட்டால் ஏரிக்கு மூச்சு முட்டிவிடும். அதைத் திறந்து வைக்கச் சொல்லி மீனவர்கள் ஓயாமல் கேட்டுவருவது இதனால்தான்.

இந்த முழங்கால் தண்ணீரை நம்பித்தான் பூநாரைகள் வருகின்றன. அக்டோபர் தொடங்கி மார்ச் வரை அவற்றின் காலம். பலர் பூநாரை பறப்பதைப் படம் எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அது மேய்வதைப் பாருங்கள், அதுதான் அற்புதம். கால்களால் சேற்றை மிதித்துக் கலக்கும். பிறகு நீண்ட கழுத்தை வளைத்து, தலையைக் கவிழ்த்து, மேல் அலகு கீழே வரும்படி தண்ணீருக்குள் வைக்கும். தடித்த நாக்கு முன்னும் பின்னும் ஓடி நீரை உள்ளே இழுத்து வெளியே தள்ளும். அலகின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி இருக்கிற தகடுகளில் பாசியும் சிறு உயிர்களும் தங்கிவிடும். அந்த உணவில் உள்ள நிறமிதான் இறகுக்குச் சிவப்பைக் கொடுக்கிறது. குஞ்சு பொரியும்போது பூநாரைக்குச் சிவப்பே கிடையாது, சாம்பல் நிறம்தான்.

பழவேற்காட்டு ஊர்க்கரையிலிருந்து பூநாரைக் கூட்டம் பெரும்பாலும் தூரத்துக் கோடாகத்தான் தெரியும். பைனாகுலர் அவசியம். கிட்டத்தில் பார்க்க வேண்டுமானால், சூலூர்பேட்டையிலிருந்து ஏரியின் குறுக்கே ஸ்ரீஹரிகோட்டாவுக்குப் போகிற சாலைதான் நல்ல இடம். விடிந்ததும் போங்கள். கூழைக்கடா, மஞ்சள் மூக்கு நாரை, வடக்கிலிருந்து வரும் ஊசிவால் வாத்து எல்லாம் சாலையோரமே மேயும். ஹாரன் அடிக்காமல், ட்ரோன் பறக்கவிடாமல் இருந்தால் அவையும் நம்மைப் பொருட்படுத்துவதில்லை.

அதே சேற்றில் மனிதர்களும் மேய்கிறார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். இருளர் ஆண்களும் பெண்களும் இடுப்பளவு நீரில் குனிந்து, அடிமண்ணை இரு கைகளாலும் தடவித் தடவி இறால் பிடிப்பார்கள். வலை இல்லை, தூண்டில் இல்லை. பிடித்த இறாலைப் போட்டுக்கொள்ள ‘பறி’ என்கிற ஓலைப் பை. அதன் விளிம்பைப் பல்லால் கடித்துக்கொண்டிருப்பார்கள், இரண்டு கையும் வேலைக்கு வேண்டுமே. விரலில் இறால் தட்டுப்பட்டதும் அமுக்கிப் பிடித்து, அப்படியே வாய்க்குக் கீழே தொங்கும் பறிக்குள் போட்டுவிட்டு, பார்வையைக்கூடத் திருப்பாமல் மறுபடி தடவத் தொடங்குவார்கள். சேற்றுக்குள் கண்ணாடிச் சில்லும் இருக்கும், முள்ளும் இருக்கும், கெளுத்தியும் இருக்கும். இப்படி வேலை செய்கிறவர்களை முகத்துக்கு நேரே போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள் என்று என் மாணவர்களிடம் ஒவ்வொரு முறையும் சொல்லுவேன். கேட்டுவிட்டு எடுக்கலாம், வேண்டாம் என்றால் விட்டுவிடலாம்.

வலை கட்டும் மீனவர்களுக்கு ‘பாடு’ என்றொரு ஏற்பாடு உண்டு. இறால் ஓடுகிற நல்ல இடங்களில் எந்த நாளில் யார் வலை கட்டலாம் என்று ஊரே முறைவைத்துப் பங்கிட்டுக்கொள்ளும். இன்று செழிப்பான இடம் கிடைத்தவருக்கு நாளை சுமாரான இடம். வெளியார் யாரும் வந்து வகுத்துக் கொடுக்காத சட்டம் இது.

அந்தப் பறியிலிருந்து ஓலைக்கு வருகிறேன். இங்கே பனையோலை வேலை பெரும்பாலும் முஸ்லிம் பெண்களின் கையில் இருக்கிறது. வீட்டுத் திண்ணையில், சமையல் முடிந்த கையோடு உட்கார்ந்து முடைகிறார்கள். கடையில் பெட்டியை வாங்கிப் போகிறவர்களுக்கு அதற்குள் இருக்கும் வேலை தெரிவதில்லை. விரியாத குருத்தோலையைத்தான் வெட்ட வேண்டும். பனைக்கு வளர்ச்சி உச்சியில் ஒரே இடத்தில். அது கெட்டால் மரமே போய்விடும். அதனால் ஏறுகிறவருக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரிந்திருக்க வேண்டும். ஓலையை வெயிலில் காயவைத்து வெளுக்கவிட்டு, நடுவில் ஓடுகிற ஈர்க்கைக் கிழித்து எடுக்கிறார்கள். பிறகு ஒரே அகலத்தில் கீற்று கீற்றாகக் கிழிக்க வேண்டும். எனக்குப் பழக்கமான ஓர் அக்கா இதற்கு அளவுகோல் எதுவும் வைத்துக்கொள்வதில்லை. கட்டைவிரல் நகத்தை ஓலையில் ஊன்றி ஒரே இழுப்பு இழுப்பார். கீற்றுகளை அடுக்கிப் பார்த்தால் ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இருக்காது.

சாயம் ஏற்ற வேண்டிய கீற்றுகளைக் கொதிக்கும் சாயத் தண்ணீரில் முக்கி எடுத்து உலர்த்துவார்கள். முடையும்போது ஓலை லேசாக ஈரமாக இருக்க வேண்டும். பக்கத்தில் நனைத்த துணியில் சுற்றி வைத்திருப்பார்கள். "காஞ்சா ஒடிஞ்சிடும் டீச்சர், நனைஞ்சா கறுத்துடும்" என்று அக்கா ஒருநாள் சொன்னார். முதலில் அடிப்பாகத்தைப் பாய் போலத் தரையில் பின்னி, குதிகாலால் மிதித்து நிறுத்திக்கொண்டு, நான்கு மூலையிலும் கீற்றை மடக்கி மேலே ஏற்றுகிறார்கள். வெறும் ஓலைக்குப் பெட்டியின் உருவம் வருவது அந்த மூலையில்தான். மூலை தளர்ந்தால் மூடி பொருந்தாது. நல்ல பெட்டியை அடையாளம் காண விரும்புகிறவர்கள் மூலையைத்தான் தடவிப் பார்க்க வேண்டும். நிறத்தைப் பார்த்து ஏமாறக் கூடாது.

ஒரு காலத்தில் இந்த ஊர் துணிக்குப் பேர்போனது. 1613-இல் டச்சுக்காரர்கள் இங்கே கெல்டிரியா கோட்டையைக் கட்டி, 1690 வரை சோழமண்டலக் கரைக்கு இதையே தலைமையிடமாக வைத்திருந்தார்கள். ஊரின் பெயரையே தாங்கிய கட்டம் போட்ட கைக்குட்டைகள் ஐரோப்பா வரை போயின. இதே துறையிலிருந்து மனிதர்களையும் அடிமைகளாக ஏற்றி அனுப்பினார்கள் என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். கோட்டை இன்று புதரும் மேடும்தான். எலும்புக்கூடு செதுக்கிய வாசலோடு நிற்கும் டச்சுக் கல்லறைத் தோட்டத்துக்கு அரை மணி நேரம் கொடுத்தால் போதும். மிச்ச நேரத்தை ஓலை முடைகிற இடத்தில் செலவிடுங்கள்.

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் பொன்னேரி. அங்கிருந்து பேருந்தில் ஏறக்குறைய 20 கிலோமீட்டர். ஓலைப் பெட்டி வாங்கும்போது பேரம் பேசாதீர்கள். குருத்து வெட்டும் கூலி, சாயம், ஒரு பெண்ணின் பகல் முழுவதும் அந்த விலைக்குள் இருக்கிறது. பேரத்தில் நமக்கு மிஞ்சுவது ஒரு காபிக் காசு, அவர் இழப்பது அன்றைய கூலி. பெண்களின் சங்கத்திலோ வீட்டிலோ நேராக வாங்கினால் பணம் முழுதாக அவர்கள் கைக்குப் போகும். கல்யாணத்துக்குத் தாம்பூலப் பை வேண்டுமென்றால் பிளாஸ்டிக் பைக்குப் பதில் இங்கே சொல்லி வைக்கலாம். மொத்தமாக வேண்டுமானால் மாதக் கணக்கில் முன்கூட்டியே சொல்ல வேண்டும், மழைக்காலத்தில் ஓலை காயாது. வாங்கிய பெட்டியைக் கழுவ வேண்டாம். உலர்ந்த துணியால் துடையுங்கள். ஈரவாடை அடித்தால் சிறிது நேரம் வெயிலில் வைத்து எடுத்தால் சரியாகிவிடும்.