பெயரும் கடவுச்சீட்டும் சந்தேகத்துக்கு ஆதாரமாகுமா? விமான நிலையச் சோதனைகள் எழுப்பும் கேள்விகள்

புதுதில்லி: ஹிந்தி நடிகர் ஷாருக் கான் 2009, 2012, 2016 ஆகிய ஆண்டுகளில் அமெரிக்க விமான நிலையங்களில் மூன்று முறை தடுத்து நிறுத்தப்பட்டார். 2009-ஆம் ஆண்டு நியூவார்க் விமான நிலையத்தில் தாம் விசாரிக்கப்பட்டதற்குத் தமது பெயரே காரணம் என்று அவர் கூறினார். அது வழக்கமான நடைமுறையே என அமெரிக்க அதிகாரிகள் விளக்கமளித்தனர். 2016-ஆம் ஆண்டு லாஸ் ஏஞ்சலீஸில் அவர் நிறுத்தப்பட்டபோது, இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதர் ரிச்சர்ட் வர்மா வருத்தம் தெரிவித்தார்.

புகழ்பெற்றவர்களிடம் வருத்தம் தெரிவிக்கத் தூதர்கள் முன்வருகின்றனர். அதே போன்ற பெயர் கொண்ட சாதாரணப் பயணி ஒருவர், விசாரணையால் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டால் அது செய்தியாவதில்லை. நாடு, மதம் ஆகியவற்றின் அடிப்படையில் பயணிகளைத் தனியே பிரித்துச் சோதிக்கும் 'புரொஃபைலிங்' முறை பாதுகாப்பை உண்மையிலேயே வலுப்படுத்துகிறதா என்பது குறித்து இங்குக் காண்போம்.

பாகுபாடு எது, பொது விதி எது?

சோதனைகள் அனைத்தையும் பாகுபாடு எனக் கருத இயலாது. 2009-ஆம் ஆண்டு தில்லி விமான நிலையத்தில் முன்னாள் குடியரசுத் தலைவர் ஏ.பி.ஜே.அப்துல் கலாமை அமெரிக்க விமான நிறுவனம் ஒன்றின் ஊழியர்கள் சோதனையிட்டது பெரும் சர்ச்சையானது. சோதனையிலிருந்து விலக்களிக்கப்பட்டோரின் இந்தியப் பட்டியலில் அவர் இடம்பெற்றிருந்தார். ஆனால், அமெரிக்க விதிகளில் முக்கியப் பிரமுகர்களுக்கு விலக்கு இல்லை என்று அந்நிறுவனம் முதலில் விளக்கமளித்தது. பின்னர் மன்னிப்புக் கோரியது. இது மரபு மீறல் குறித்த சர்ச்சையாகும். விதி அனைவருக்கும் ஒன்றாக இருக்கையில் அங்குப் பாகுபாட்டுக்கு இடமில்லை. ஒரே வரிசையில் நிற்கும் இருவருள் ஒருவரைப் பிறந்த நாடு அல்லது பெயரைக் கொண்டு மட்டும் தனியே அழைக்கும்போதுதான் பாகுபாடு தொடங்குகிறது.

14 நாடுகளின் பட்டியல்

இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு 2010-ஆம் ஆண்டில் அமெரிக்கா வெளியிட்ட பட்டியலாகும். 2009 டிசம்பர் 25-ஆம் தேதி ஆம்ஸ்டர்டாமிலிருந்து டெட்ராய்ட் சென்ற விமானத்தில், நைஜீரிய இளைஞர் உமர் ஃபாரூக் அப்துல் முதல்லப் உள்ளாடையில் மறைத்துவைத்திருந்த வெடிபொருளை வெடிக்கச் செய்ய முயன்றார். அது முறையாக வெடிக்காததால் பெரும் உயிரிழப்பு தவிர்க்கப்பட்டது.

இதையடுத்து, 2010 ஜனவரி முதல் 14 நாடுகளின் கடவுச்சீட்டு வைத்திருப்போரும், அந்நாடுகளிலிருந்தோ அவற்றின் வழியாகவோ வருவோரும் கூடுதல் சோதனைக்கு உள்படுத்தப்படுவர் என அறிவிக்கப்பட்டது. கியூபா, ஈரான், சூடான், சிரியா ஆகியவற்றுடன் ஆப்கானிஸ்தான், அல்ஜீரியா, இராக், லெபனான், லிபியா, நைஜீரியா, பாகிஸ்தான், சவூதி அரேபியா, சோமாலியா, யேமன் ஆகிய நாடுகள் அதில் இடம்பெற்றன. இவற்றுள் பெரும்பாலானவை இஸ்லாமியர்கள் பெரும்பான்மையாக வாழும் நாடுகளாகும்.

ஆனால், அந்தத் தாக்குதல் முயற்சிக்கு வழிவகுத்த குறைபாடு வேறிடத்தில் இருந்தது. தம் மகனின் போக்கு குறித்து அந்த இளைஞரின் தந்தையே நைஜீரியாவிலுள்ள அமெரிக்கத் தூதரகத்தை அணுகி முன்கூட்டியே எச்சரித்திருந்தார். கிடைத்த தகவல்களை அமெரிக்க உளவு அமைப்புகள் ஒன்றோடொன்று இணைத்துப் பார்க்கத் தவறியது வெள்ளை மாளிகை நடத்திய ஆய்வில் தெரியவந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் நாடுகளின் பட்டியல் கைவிடப்பட்டு, உளவுத் தகவல்களின் அடிப்படையிலான சோதனை முறை அறிவிக்கப்பட்டது.

வரலாறு உணர்த்துவது என்ன?

வளங்கள் குறைவாக இருப்பதால், ஆபத்துக்கு வாய்ப்பு அதிகமுள்ள பிரிவினர்மீது கவனம் செலுத்துவதே அறிவுடைமை என்பது இம்முறையை ஆதரிப்போரின் வாதம். ஆனால், யார் மீது சந்தேகம் விழாதோ அவர்களைப் பயன்படுத்துவதே தாக்குதல் நடத்துவோரின் உத்தியாக இருந்துள்ளது.

1972 மே 30-ஆம் தேதி இஸ்ரேலின் லோத் விமான நிலையத்தில் 26 பேரைக் கொன்ற தாக்குதலை நடத்தியவர்கள் மூன்று ஜப்பானியர்கள். 2001 டிசம்பரில் காலணியில் வெடிபொருளுடன் பாரிஸிலிருந்து மியாமி சென்ற விமானத்தில் ஏறிய ரிச்சர்ட் ரீட், பிரிட்டன் குடிமகன்.

1986 ஏப்ரலில் லண்டன் ஹீத்ரோ விமான நிலையத்தில் இஸ்ரேல் விமானத்தில் ஏறவிருந்த கர்ப்பிணி ஒருவரின் பையில் வெடிகுண்டு கண்டுபிடிக்கப்பட்டது. அவர் அயர்லாந்தைச் சேர்ந்தவர். அவருக்கே தெரியாமல் அவருடைய காதலர் அதை வைத்திருந்தார். பாதுகாப்பு ஊழியர்கள் கேட்ட கேள்விகளும், பையை நேரில் பிரித்துப் பார்த்த சோதனையுமே பேரழிவைத் தடுத்தன. நாட்டையோ மதத்தையோ மட்டும் அளவுகோலாகக் கொண்டிருந்தால் அவர் எளிதில் கடந்து சென்றிருப்பார்.

இந்தியாவுக்கும் இத்தகைய கசப்பான அனுபவம் உண்டு. 1985 ஜூன் 23-ஆம் தேதி ஏர் இந்தியாவின் 'கனிஷ்கா' விமானம் நடுவானில் வெடித்துச் சிதறியதில் அதிலிருந்த 329 பேரும் உயிரிழந்தனர். வான்கூவரில் பையை ஒப்படைத்த நபர் விமானத்தில் ஏறவே இல்லை. வெடிகுண்டு வைக்கப்பட்டிருந்த அவரது பை மட்டும் பயணித்தது. பயணி ஏறாவிட்டால் அவரது பையை இறக்கிவிட வேண்டும் என்ற விதி கண்டிப்புடன் பின்பற்றப்பட்டிருந்தால் அத்தனை உயிர்களும் காப்பாற்றப்பட்டிருக்கும். அந்த விதியை நிறைவேற்றப் பயணியின் மதத்தை அறிய வேண்டிய அவசியமில்லை.

முகபாவம், நடத்தை ஆகியவற்றைக் கவனித்துச் சந்தேக நபர்களைக் கண்டறியும் திட்டத்தையும் அமெரிக்கா செயல்படுத்தியது. அதற்குச் சுமார் 90 கோடி டாலர் செலவிடப்பட்ட நிலையில், நடத்தையைக் கொண்டு தீய நோக்கத்தைக் கணிப்பது குருட்டாம்போக்கில் ஊகிப்பதற்கு நிகரானது, அல்லது அதைவிடச் சற்றே மேலானது என்பதை ஆய்வுகள் காட்டுவதாக அந்நாட்டு அரசுப் பொறுப்புடைமை அலுவலகம் 2013-இல் சுட்டிக்காட்டியது.

தவறு நேர்ந்தால் தீர்வு எங்கே?

2005 ஜனவரியில் சான் பிரான்சிஸ்கோ விமான நிலையத்தில் மலேசியாவைச் சேர்ந்த ஆராய்ச்சி மாணவி ஒருவர் கைவிலங்கிடப்பட்டார். விமானப் பயணத் தடைப் பட்டியலில் அவரது பெயர் இடம்பெற்றிருந்தது. பின்னர் அவரது நுழைவு இசைவு ரத்து செய்யப்பட்டதால், அமெரிக்காவுக்குத் திரும்ப அவரால் இயலவில்லை. எஃப்பிஐ அதிகாரி ஒருவர் படிவத்தில் தவறான கட்டத்தைக் குறித்ததே அனைத்துக்கும் காரணம் என்பதை 2014-ஆம் ஆண்டுத் தீர்ப்பில் நீதிமன்றம் வெளிப்படுத்தியது. ஒரு கட்டத்தில் நேர்ந்த பிழையை நிரூபிக்க அவருக்கு 9 ஆண்டுகள் தேவைப்பட்டன.

அடிக்கடி தடுத்து நிறுத்தப்படுவோர், அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிடம் இணையவழியில் முறையிடலாம். அவர்களுக்கு ஓர் அடையாள எண் வழங்கப்படும். பயணச்சீட்டு பதிவின்போது அதைக் குறிப்பிடலாம். எனினும், தடைப் பட்டியலில் தாம் உள்ளோமா என்பதை அறியும் வசதி 2015 முதல் அமெரிக்கக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பு உரிமை பெற்றோருக்கும் மட்டுமே அளிக்கப்பட்டுள்ளது. இந்தியர் உள்பட ஏனைய வெளிநாட்டினருக்கு அந்த வாய்ப்பு இல்லை.

இந்திய நடைமுறை

இந்திய விமான நிலையங்களில் உலோகக் கண்டறி வாயிலைக் கடக்கும் பயணிகள் அனைவரையும் உடல் சோதனைக்கு உள்படுத்துவதே பொதுவான நடைமுறை. சட்டத்தின் முன் அனைவரும் சமம் என்னும் அரசமைப்புச் சட்டத்தின் 14-ஆவது பிரிவு, குடிமக்கள் அல்லாதோருக்கும் பொருந்தும். மத அடிப்படையில் குடிமக்களிடையே பாகுபாடு காட்டுவதை 15-ஆவது பிரிவு தடுக்கிறது. உள்நாட்டு விமானங்களில் சீக்கியர்கள் குறிப்பிட்ட அளவுக்கு உள்பட்ட கிர்பானுடன் பயணிக்க அனுமதிக்கப்படுகின்றனர். மத உரிமையையும் பாதுகாப்பையும் வெளிப்படையான விதியின் மூலம் இணைக்க முடியும் என்பதற்கு இது சான்றாகும்.

பாதுகாப்புச் சோதனை அவசியமானது. அதில் ஏற்படும் தாமதத்தைப் பயணிகள் பெரும்பாலும் பொறுத்துக்கொள்கின்றனர். தாம் ஏன் அழைக்கப்பட்டோம் என்பதற்கான காரணமும், தவறு நேர்ந்தால் திருத்திக்கொள்வதற்கான வழியுமே அவர்கள் எதிர்பார்ப்பவை. பெயரையும் பிறந்த நாட்டையும் மட்டும் காரணமாகக் காட்டும் முறையால் இவ்விரண்டையும் அளிக்க இயலாது. கனிஷ்காவின் அனுபவம் காட்டுவதுபோல, அம்முறையால் அடுத்த தாக்குதலைத் தடுக்க முடியும் என்பதற்கும் உறுதியில்லை.