உங்க ப்ராஜெக்ட்டில் மாறி எது? அதை எந்த அளவில் அளந்தீங்க?

ஃபைனல் இயர் ரிவ்யூவில் பேனல் கேட்கும் கேள்விகளிலேயே சின்னது இதுதான்: "உங்க டிபெண்டன்ட் வேரியபிள் எது?" மூணு மாசம் லேபில் கியூப் போட்டு உடைச்ச டீம்கூட இந்த இடத்தில் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கும். எதை மாத்துறோம், எதை அளக்குறோம், எதை மாறாமல் வச்சுக்கிறோம் என்று முதல் நாளே எழுதி வச்சிருந்தால் பதில் சொல்ல பத்து நொடி போதும்.

ஒரே எடுத்துக்காட்டை வைத்து முழுசும் பார்த்துடலாம். சிவில் மாணவர்கள் அடிக்கடி எடுக்கும் தலைப்பு: கான்கிரீட்டில் ஆற்று மணலுக்குப் பதில் எம்-சாண்ட். 0, 25, 50, 75, 100 சதவீதம் என்று மணலை மாத்தி, 150 மி.மீ. கியூப் வார்த்து, 28-ஆம் நாள் உடைத்துப் பார்ப்பார்கள்.

மாறிகள்: யாருக்கு என்ன வேலை?

சார்பற்ற மாறி (இண்டிபெண்டன்ட்): நாம வேண்டுமென்றே மாத்துவது. இங்கே எம்-சாண்ட் சதவீதம்.

சார்ந்த மாறி (டிபெண்டன்ட்): அதன் விளைவாக மாறுகிறதா என்று நாம அளப்பது. இங்கே கியூபின் அமுக்க வலிமை.

கட்டுப்பாட்டு மாறிகள் (கன்ட்ரோல்): மாறாமல் பிடித்து வைக்க வேண்டியவை. சிமென்ட் வகை, தண்ணீர்-சிமென்ட் விகிதம், கியூரிங் நாட்கள், கியூப் அளவு, மெஷினில் லோடு ஏற்றும் வேகம்.

குழப்பும் மாறி (கன்ஃபவுண்டிங்): ஆபத்தான ஆள் இவர்தான். நாம மாத்தும்போது கூடவே சத்தமில்லாமல் மாறி, விளைவையும் பாதிப்பவர்.

எம்-சாண்ட் பாறையை உடைத்துச் செய்வது. துகள்கள் ஆற்று மணல் மாதிரி உருண்டு தேய்ந்து இருக்காது, முனை முனையாக இருக்கும். அதனால் சதவீதம் ஏற ஏற கலவை இறுகும், கலக்கக் கஷ்டமாகும். லேபில் யாராவது "கொஞ்சம் தண்ணி விடுப்பா" என்பார்கள். விட்டதும் வேலை சுலபமாகும், ஆனால் தண்ணீர்-சிமென்ட் விகிதம் ஏறிவிடும். விகிதம் ஏறினால் வலிமை குறையும் என்பதை டஃப் ஆப்ராம்ஸ் 1918-லேயே காட்டிவிட்டார்.

இப்போ 100 சதவீத கியூப் சீக்கிரம் உடைகிறது. காரணம் மணலா, தண்ணீரா? டேட்டாவை வைத்துச் சொல்லவே முடியாது. ஆனால் ரிப்போர்ட்டில் "எம்-சாண்ட் வலிமையைக் குறைக்கிறது" என்று ஏறிவிடும். அடுத்த பேட்ச் அதையே லிட்டரேச்சர் சர்வேயில் எடுத்துப் போடும். ஆற்று மணல் கிடைக்காமல் தவிக்கும் ஊரில் இது சின்னத் தப்பு இல்லை. தீர்வு எளிது: தண்ணீரைத் தொடாமல் எல்லாக் கலவைக்கும் விகிதத்தை ஒன்றாக வைத்து, இறுக்கத்துக்கு சூப்பர்பிளாஸ்டிசைசர் சேர்க்கலாம். எவ்வளவு சேர்த்தோம் என்பதையும் பதிவு செய்யணும்.

அளவு நிலைகள்: எண் எல்லாம் ஒரே எண் இல்லை

மாறியைக் கண்டுபிடித்தாச்சு. அடுத்த கேள்வி, அந்த எண்ணை வைத்து என்ன கணக்கு போடலாம்? இதற்கு உளவியலாளர் எஸ்.எஸ். ஸ்டீவன்ஸ் 1946-இல் 'சயின்ஸ்' இதழில் நான்கு நிலைகளைப் பிரித்துக் கொடுத்தார்.

1. பெயர் அளவு (நாமினல்). சிமென்ட் வகை: ஓபிசி = 1, பிபிசி = 2. இந்த எண் வெறும் பெயர்ப்பலகை. சராசரி 1.5 என்று வந்தால் அது எந்த சிமென்ட்? ஹாஸ்டல் ரூம் நம்பருக்குச் சராசரி எடுத்த மாதிரிதான். எண்ணிக்கையும் முகடும் (மோடு) மட்டும் எடுக்கலாம்.

2. வரிசை அளவு (ஆர்டினல்). ஐஎஸ் 456:2000 சுற்றுச்சூழல் கடுமையை மைல்டு, மாடரேட், சிவியர், வெரி சிவியர், எக்ஸ்ட்ரீம் என ஐந்தாக வரிசைப்படுத்துகிறது. 1 முதல் 5 வரை நம்பர் கொடுத்தால் படிக்குப் படி தூரம் சமமா? இரும்புக் கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு அதே தரநூல் அனுமதிக்கும் அதிகபட்ச தண்ணீர்-சிமென்ட் விகிதத்தைப் பாருங்க: 0.55, 0.50, 0.45, 0.45, 0.40. மூணாவதுக்கும் நாலாவதுக்கும் வித்தியாசமே இல்லை! வரிசை உண்மை, இடைவெளிக்கு உத்தரவாதம் இல்லை. இங்கே இடைநிலை (மீடியன்) பாதுகாப்பானது.

3. இடைவெளி அளவு (இன்டர்வல்). செல்சியஸில் வெப்பநிலை. 20-க்கும் 30-க்கும் உள்ள வித்தியாசமும் 30-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசமும் ஒன்றே. ஆனால் 40 டிகிரி, 20 டிகிரியைப் போல "ரெண்டு மடங்கு சூடு" கிடையாது. கெல்வினில் அது 293-க்கு எதிராக 313, சுமார் 7 சதவீதம்தான் கூடுதல். சராசரி, திட்ட விலக்கம் எடுக்கலாம், மடங்கு சொல்லக்கூடாது.

4. விகித அளவு (ரேஷியோ). அமுக்க வலிமை, எடை, நீளம், நேரம். பூஜ்யம் என்றால் நிஜமாகவே ஒன்றும் இல்லை. 40 மெகாபாஸ்கல் என்பது 20-ஐப் போல இரண்டு மடங்கு என்று தைரியமாகச் சொல்லலாம்.

பலரும் வழுக்கும் இடம்

ஸ்லம்ப் டெஸ்ட்டில் ஒரு கலவை 50 மி.மீ. இறங்குகிறது, இன்னொன்று 100 மி.மீ. மில்லிமீட்டர் விகித அளவு, அதனால் இறக்கம் இரண்டு மடங்கு. சரி. "ஒர்க்கபிலிட்டி இரண்டு மடங்கு" என்று எழுதலாமா? கூடாது. நமக்கு வேண்டியது ஒர்க்கபிலிட்டி. கையில் இருப்பது அதற்கான ஓர் அடையாளம் மட்டும். அடையாளம் விகித அளவில் இருப்பதால் அடிப்படைக் கருத்தும் அதே அளவில் இருக்கும் என்று சொல்ல முடியாது.

கூகுள் ஃபார்ம் சர்வே எடுக்கும் நண்பர்களுக்கும் இதே எச்சரிக்கை. "மிகத் திருப்தி = 5" என்பது ஒரு வரிசை. ஒரு பிரிவுக்கு 4-ம் இன்னொன்றுக்கு 2-ம் வந்தால், முதல் பிரிவு இரண்டு மடங்கு திருப்தி என்று ஸ்லைடில் போடாதீங்க. இரண்டு குழுக்களை ஒப்பிட மான்-விட்னி, இரண்டு வரிசைகளுக்கு உள்ள தொடர்பு பார்க்க ஸ்பியர்மேன் மாதிரி வரிசைக்கான சோதனைகள் இருக்கின்றன.

எக்செலும் எஸ்பிஎஸ்எஸ்ஸும் உங்களைத் தடுக்காது. ரூம் நம்பரைக் கொடுத்தாலும் நாலு தசமத்தில் சராசரி தரும். அதனால் முதல் கியூப் வார்ப்பதற்கு முன் ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்க: மாறியின் பெயர், அதன் வேலை, அளவு நிலை, போடப்போகும் கணக்கு. எந்தக் கட்டத்தை நிரப்ப முடியலையோ, கைடிடம் கேட்க வேண்டிய கேள்வி அதுதான். அதை இப்பவே கேட்டுடுங்க. 28 நாள் கழித்துக் கேட்டால் கியூப் திரும்ப வார்க்கணும்.