லோரியின் முகப்பு அடிபட்டால் அவசரப்பட்டு மாற்றலாமா? வாங்குமுன் பார்க்க வேண்டியவை

ஜார்ஜ்டவுன் – பட்டர்வொர்த் கொள்கலன் முனையத்துக்கும் பிறை, பாயான் லெப்பாஸ் தொழிற்பேட்டைகளுக்கும் இடையே ஓடும் டிரெய்லர் லோரிகளில், எளிதில் அடிவாங்கும் இடம் இடது முன்மூலை. வலப்பக்கம் உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணுக்கு மறைவான மூலை அதுதான்.

அடிபட்ட லோரி பட்டறையில் நிற்கும் ஒவ்வொரு நாளும், நடைக்கு இவ்வளவு என்று சம்பளம் வாங்குபவருக்கு வருமானம் இல்லை. தவணை கட்டும் சொந்த லோரிக்காரருக்கு நட்டம் இரட்டிப்பு. அந்த அவசரத்தில்தான் கையில் கிடைத்த பாகத்தை வாங்கி மாட்டிவிடுகிறார்கள்.

இணையத்தில் காணும் அமெரிக்கக் காணொளிகள் இங்கு அதிகம் உதவா. அங்குள்ள பல லோரிகளுக்கு நீண்ட மூக்கு உண்டு. இங்கு ஓடும் வோல்வோ, ஸ்கேனியா, ஹினோ, இசுசு போன்றவற்றில் இயந்திரத்தின் மேலேயே ஓட்டுநர் அறை அமர்ந்திருக்கும். அதனால் கிரில், மூலைத் தகடு, பம்பர், படிக்கட்டு, கதவு எல்லாம் ஒன்றோடொன்று ஒட்டி நிற்கும். ஒன்று கோணினால் அடுத்ததும் பொருந்தாது.

கடையில் மாடல் பெயரை மட்டும் சொல்லிப் பாகம் கேட்பது போதாது. ஒரே பெயரில் வந்த இரண்டு தலைமுறை லோரிகளுக்குக்கூட விளக்குக் குழியும் போல்ட் துளையும் மாறியிருக்கும். சேசிஸ் எண்ணைக் கொடுத்துத்தான் கேட்க வேண்டும். ஐரோப்பாவிலிருந்து வரும் பழைய பாகம் என்றால் இன்னொரு சிக்கல் உண்டு. இடப்பக்க ஸ்டியரிங் வண்டியின் வைப்பர் தகடும் கண்ணாடித் தாங்கியும் நம் லோரிக்குச் சரிவராமல் போகலாம்.

கதவும் அறையின் சுவரும் பெரும்பாலும் இரும்புத் தகடு. பம்பர் மூலைகளும் காற்றுத் தடுப்புகளும் பிளாஸ்டிக் அல்லது ஃபைபர். வெளிச்சந்தை ஃபைபர் பாகம் விலை குறைவு, உடைந்தால் ஒட்டவும் முடியும். ஆனால் தடிமன் சீராக இல்லாவிட்டால் போல்ட் இறுக்கிய இடத்தில் அதிர்வால் வெடிப்பு விடும். அலங்கார மூடிக்கு அது பரவாயில்லை. ஓட்டுநர் நாளெல்லாம் கால் வைத்து ஏறி இறங்கும் படிக்கட்டில் மிச்சம் பிடிக்கக் கூடாது. மழையில் அது உடைந்தால் விழுவது மனிதர்.

பம்பரைக் கழற்றியதும் அதன் பின்னால் உள்ளதைப் பார்க்க வேண்டும். பல லோரிகளில், எதிரே மோதும் சிறிய கார் அடியில் நுழைந்துவிடாமல் தடுக்கும் இரும்பு உத்தரம் அங்கே இருக்கும். அது வளைந்திருந்தாலோ, அறையைத் தாங்கும் பிடிமானங்கள் விலகியிருந்தாலோ, வெளித்தகடு மாற்றுவது வெறும் பூச்சு வேலை. புதிய லோரிகளில் தானியங்கி பிரேக்குக்கான ரேடாரும் முகப்பில் இருக்கும். பாகத்தை மாற்றியபின் அதன் திசையைச் சரிபார்க்காமல் சாலையில் இறக்குவது ஆபத்து.

விபத்து என்றால் 24 மணி நேரத்துக்குள் போலீஸ் புகார் செய்ய வேண்டும். காப்புறுதி கோருபவர்கள், மதிப்பீட்டாளர் வந்து பார்க்கும் வரை எதையும் கழற்றாமல், படம் எடுத்து வைப்பது நல்லது.

வேலை தொடங்குமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றிவிட வேண்டும். 24 வோல்ட் மின்சுற்றோடு வெல்டிங் செய்தால் கணினிப் பெட்டி கெட்டுப்போகலாம். தகட்டை விட அதற்கு விலை அதிகம். அறையைச் சாய்ப்பதானால் உள்ளே கிடக்கும் பொருள்களை எடுத்துவிட்டு முழுவதும் சாய்த்து, பூட்டு விழுந்ததை உறுதி செய்ய வேண்டும். பாதி சாய்ந்த அறைக்குக் கீழே யாரும் நுழையக் கூடாது.

சாயம் அடிக்குமுன் புதுத்தகட்டை ஒருமுறை மாட்டிப் பார்ப்பது முக்கியம். இடைவெளி பொருந்தவில்லை என்றால் அப்போதுதான் கடையில் திருப்பிக் கொடுக்க முடியும். கதவை முதலில் நேராக்கி, அதை அளவாக வைத்து மூலைத் தகட்டையும் கடைசியில் பம்பரையும் பொருத்த வேண்டும். எல்லாம் நேராகும் வரை எந்த போல்ட்டையும் முழுதாக இறுக்கக் கூடாது. வெட்டிய விளிம்பும் புதிதாகத் துளைத்த ஓட்டையும் துருத்தடுப்புப் பூச்சு இல்லாமல் விடப்பட்டால், பினாங்கின் கடற்காற்றில் துரு சீக்கிரமே சாயத்தைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும். கதவின் அடியில் உள்ள நீர் வடியும் துளைகளைப் புட்டியால் அடைத்துவிடுவதும் பட்டறைகளில் நடக்கும் தவறுதான்.

முகப்பு விளக்கின் ஒளி மட்டத்தையும் சரிபார்க்க வேண்டும். புதிய கதவில் உரிமையாளர் பெயர், முகவரி, வெற்று எடை, சரக்கோடு சேர்ந்த மொத்த எடை ஆகியவற்றை மீண்டும் எழுத வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை நடக்கும் வாகனப் பரிசோதனையின்போதுதான் இது பலருக்கு நினைவுக்கு வருகிறது. பழைய கதவை வாங்கியவர்கள் முந்தைய நிறுவனத்தின் எழுத்தைச் சாயத்தால் மூடாமல் சுரண்டி எடுத்துவிடுவது நல்லது. வெயில் பட்டால் அது மறுபடி தெரியும். முழு அறைக்கும் வேறு நிறம் அடிப்பதாக இருந்தால், சாலைப் போக்குவரத்துத் துறையின் பதிவிலும் நிறத்தை மாற்ற வேண்டியிருக்கும்.