பாம்புக்கும் பாம்பு பிடிப்போருக்கும் வாழ்வளித்த பூங்காக்கள்

தமிழ்நாட்டில் ஊர்வனவற்றின் பாதுகாப்புக்கு நிலையான நிறுவனங்களை அமைத்துத் தந்தவர் ரோமுலஸ் விட்டேக்கர். 1943-இல் நியூயார்க்கில் பிறந்த அவர், 1951-இல் தாயுடன் இந்தியா வந்து, கொடைக்கானலில் படித்தார். பின்னர் அமெரிக்காவின் மயாமியில் பாம்பு நஞ்சு எடுக்கும் நிலையத்தில் வேலை கற்று, 1967-இல் திரும்பினார். 1975-இல் இந்தியக் குடிமகனானார்.

1969-இல் சேலையூரில் சிறிய அளவில் தொடங்கிய அவரது பாம்புப் பண்ணை, 1972-இல் கிண்டிக்கு இடம்பெயர்ந்து பாம்புப் பூங்கா ஆனது. பாம்பைக் கண்டாலே தடியெடுக்கும் மக்கள், நுழைவுச்சீட்டு வாங்கி அதைப் பார்க்க வந்தார்கள். எந்தப் பிரசாரத்தையும்விட இது பெரிய மாற்றம்.

முதலைகள் அழிவின் விளிம்பில் இருந்த காலம் அது. 1976-இல் விட்டேக்கரும் அவர் மனைவி ஸாயும் மாமல்லபுரம் சாலையில் வடநெம்மேலியில் முதலைப் பண்ணையைத் தொடங்கினர். சதுப்புநில முதலை அங்கே பல்கிப் பெருகியது. திருவண்ணாமலை மாவட்டத்தார் நன்கறிந்த சாத்தனூர் அணையிலும் வனத்துறையின் முதலைப் பண்ணை உண்டு.

ஆனால் விட்டேக்கரின் பணிகளில் தலையாயது இருளர் கூட்டுறவுச் சங்கமே. இருளர்கள் தலைமுறைகளாகப் பாம்பு பிடித்து, தோலுக்காக விற்று வந்தவர்கள். 1972-இன் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் அதைத் தொடர்ந்த தோல் ஏற்றுமதித் தடையும் பாம்புகளைக் காத்தன. இருளர் வீடுகளில் அடுப்பு அணைந்தது. காட்டைக் காக்க வரும் சட்டங்கள் அதை நம்பி வாழ்வோரை மறந்துவிடுவது நம் நாட்டில் திரும்பத் திரும்ப நடக்கும் கொடுமை. இங்கே அதற்கு ஒரு மாற்று கிடைத்தது. 1978-இல் பதிவான சங்கத்தில், வனத்துறை அனுமதியுடன் நல்ல பாம்பு, கட்டு விரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கையும் இருளர்கள் பிடித்து வருகிறார்கள். பாம்புகள் சில வாரம் பானைகளில் வைக்கப்படுகின்றன. இடைவெளி விட்டு நஞ்சு எடுக்கப்படுகிறது. வயிற்றுச் செதிலில் அடையாளமிட்டபின் அவை மீண்டும் வெளியில் விடப்படுகின்றன. இந்திய நிறுவனங்கள் தயாரிக்கும் நஞ்சுமுறி மருந்துக்கு வேண்டிய நஞ்சில் பெரும்பங்கு இங்கிருந்தே செல்கிறது. போளூர், ஆரணிப் பக்கம் நெல் வயலிலோ கரும்புத் தோட்டத்திலோ கடிபட்டு அரசு மருத்துவமனைக்கு வருபவருக்கு ஏற்றப்படுவதும் இவ்வகை மருந்துதான்.

2005-இல் பிரிட்டனின் விட்லி விருது விட்டேக்கருக்குக் கிடைத்தது. அந்தப் பணத்தைக் கொண்டு கர்நாடகத்தின் ஆகும்பேயில் மழைக்காட்டு ஆய்வு நிலையம் எழுந்தது. ராஜநாகத்தின் வாழ்க்கை அங்கே ஆராயப்படுகிறது. 2008-இல் ரோலக்ஸ் விருதும், 2018-இல் பத்மஸ்ரீயும் வந்தன.

இருளர்களான மாசி சடையனும் வடிவேல் கோபாலும் 2017-இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவுக்குச் சென்று, அங்கே பெருகிவிட்ட பர்மிய மலைப்பாம்புகளைப் பிடித்துக் கொடுத்தனர். 2023-இல் இருவருக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. விருதுகள் ஒருபுறம் இருக்க, எத்தனை பாம்பு பிடிக்கலாம் என்ற அரசு அனுமதியை நம்பித்தான் சங்கத்தின் வருமானம் இன்றும் இருக்கிறது. அனுமதி தாமதமானால் அந்தக் குடும்பங்களின் கூலியும் நஞ்சு வரத்தும் சேர்ந்தே தடைபடுகின்றன.