குழுவில் போடும் ஆபத்துச் செய்தி

2023 டிசம்பர் 26 நள்ளிரவை ஒட்டி, எண்ணூர் பெரியகுப்பத்தில் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்தது. மூச்சுத்திணறிய மக்கள் வீடுகளை விட்டு வெளியேறினர்.

இத்தகைய நேரத்தில் வாட்ஸ்அப் குழுவில் வரும் ஒரு வரி உயிரைக் காக்கலாம். ஆனால் ‘இங்க கேஸ் லீக், உடனே ஓடுங்க’ என்பது போதாது. எந்த இடம், எத்தனை மணி? அதே வரி மறுநாள் திருவொற்றியூருக்கு ஃபார்வர்டாகப் போனால் வீண் பீதிதான் மிஞ்சும். ‘பெரியகுப்பம் கடற்கரை, 27ஆம் தேதி, இரவு 12.10, கடும் நெடி, கண் எரிகிறது, நேரில் உணர்ந்தது’ என்பதே சரியான செய்தி. காரணம் தெரியாதபோது ஊகம் சேர்க்கக் கூடாது. குரல்பதிவைவிட எழுத்தே மேல். ஓடுகிறவரும் ஒரே பார்வையில் படித்துவிடுவார். நிலைமை மாறினால், முதல் செய்திக்கே பதிலாகத் திருத்தத்தைப் போட வேண்டும்.

இப்படி ஃபார்வர்டுகள் பரவும் வேகத்தைக் குறைக்கவே, பலமுறை பகிரப்பட்ட செய்தியை ஒரு நேரத்தில் ஓர் அரட்டைக்கு மட்டுமே அனுப்பலாம் என வாட்ஸ்அப் 2020 ஏப்ரலில் கட்டுப்படுத்தியது.