கொதிக்கும் காரும் கீரிமலைத் தண்ணீரும்

ஆடி அமாவாசைத் தீர்த்தத்துக்கும் அந்தியேட்டிக் கிரியைகளுக்கும் யாழ்ப்பாண நகரிலிருந்து கீரிமலைக்கு வருவோர் ஏறக்குறைய 20 கிலோமீற்றர் பயணம் செய்கின்றனர். அவர்களை ஏற்றிவரும் வாகனங்களிடையே ஒஸ்ரின் ஏ40, மொறிஸ் மைனர், ஒஸ்ரின் கேம்பிறிட்ஜ் ஆகிய பழைய கார்களை இன்றும் காணலாம். வெயில் ஏறியதும் இவற்றில் ஒன்று பொனெற்றைத் திறந்தபடி வீதியோரத்தில் ஆவி கக்கி நிற்பதும் புதுமையன்று. “பழைய கார்தானே, கொதிக்கத்தான் செய்யும்” என்று அடுத்த வீட்டுக் கிணற்றில் ஒரு வாளி அள்ளி ஊற்றிவிட்டுப் புறப்படுவோம். அந்த ஒரு வாளித் தண்ணீரைப் பற்றியே நாம் இங்கு பேச விரும்புகிறோம்.

குடாநாட்டில் வற்றாத ஆறு எதுவும் இல்லை. சுண்ணக்கல்லின் வெடிப்புகளினூடாக இறங்கித் தங்கும் மழைநீரையே கிணறுகளில் அள்ளுகிறோம். காங்கேசன்துறைத் தொழிற்சாலை ஒரு காலத்தில் சீமெந்து ஆக்கியதும் இதே கல்லைக் கொண்டுதான். இறங்கும் நீர் கல்லைச் சிறிது கரைத்துக்கொள்கிறது. சூடாக்கினால் கரைந்தது மீண்டும் கல்லாகிறது. கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது இதுவே. கார் எஞ்சினும் ஒரு கேத்தில்தான். ஆனால் அதனுள்ளே எவரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஆவியாகப் போவது தண்ணீர் மட்டும், சுண்ணாம்பு உள்ளேயே நின்றுவிடுகிறது. ஆகவே கொதிக்கக் கொதிக்க ஊற்றுவது, படிவை நாமே வளர்ப்பதாகும். கடலை அண்டிய கிணறுகளில் சவர்த்தன்மையும் சேர்கிறது. அந்த உப்பு இரும்பை அரித்துத் துருச் சேறாக்கி, றேடியேற்றரின் மெல்லிய குழாய்களை அடைக்கிறது.

இன்னொரு காரணம் போர்க்காலத்துக்குரியது. 1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தபோது பெற்றோல் அரும்பொருளாயிற்று. காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அது எம்மவரின் கெட்டித்தனம்; நோயாளரும் கர்ப்பிணிகளும் ஆஸ்பத்திரி போய்ச் சேர்ந்தது அதனாலேதான். எனினும் மண்ணெண்ணெயில் எஞ்சின் ‘தட்டும்’. அதைக் குறைக்கத் தீப்பொறி விழும் நேரத்தைப் பின்தள்ளி வைப்பார்கள். பின்தள்ளினால் எரிதல் பிந்துகிறது, வேலையாக மாறவேண்டிய வெப்பம் எஞ்சினைச் சுடுகிறது. கொதிக்கும் பழைய கார் ஒன்றில் தண்ணீர்ப் பகுதி எல்லாம் சரியாயிருந்தால், இந்த நேரத்தையும் ஒருமுறை பார்ப்பது நன்று.

சோதனையைத் தொடங்குமுன் ஓர் எச்சரிக்கை. சூடான றேடியேற்றரின் மூடியைத் திறக்கவே கூடாது. உள்ளே அழுத்தம் இருப்பதால் தண்ணீர் 100 பாகைக்கு மேலும் கொதியாமல் இருக்கும். மூடி கழன்றதும் முகத்தில் பாயும். எஞ்சினை நிறுத்திக் குறைந்தது அரைமணி நேரம் பொறுக்கவேண்டும். சுட்ட எஞ்சினில் பச்சைத் தண்ணீரை ஊற்றினால் சிலிண்டர் தலை வெடிக்கவும் கூடும்.

எப்போது கொதிக்கிறது என்பதை முதலில் அவதானியுங்கள். சன நெரிசலில் ஊர்ந்து போகையில் மட்டும் கொதித்தால் காற்று போதவில்லை: பான் பெல்ற் தளர்ந்திருக்கலாம் (நடுவில் அழுத்தினால் ஏறக்குறைய அரை அங்குலம் இறங்குவது சரி), அல்லது றேடியேற்றரின் முகத்தில் தூசியும் பூச்சிகளும் அடைத்திருக்கலாம். நேர்ப்பாதையில் வேகமாக ஓடும்போது கொதித்தால் தண்ணீர் ஓட்டத்தில் அடைப்பு. எஞ்சினை நன்கு சூடாக்கி, நிறுத்தி, றேடியேற்றரின் முகத்தைக் கையால் மெல்லத் தடவிப் பாருங்கள். இடையிடையே குளிர்ந்த திட்டுகள் தென்பட்டால் அவ்விடக் குழாய்கள் அடைபட்டுள்ளன.

தேர்மோஸ்ரற்றைக் கழற்றி எறிந்துவிடுவது எமது பகுதியில் பலர் கைக்கொள்ளும் வைத்தியம். இதை நாம் ஏற்பதற்கில்லை. எஞ்சின் அளவான சூட்டுக்கு வரப் பிந்துகிறது, ஒயில் ஐதாகிறது, தேய்வு கூடுகிறது. அதை ஒரு சட்டியில் தண்ணீரோடு தொங்கவிட்டு அடுப்பில் வையுங்கள். கொதிக்குமுன் திறந்து, ஆறியதும் மூடினால் நல்லது. இல்லையேல் புதிதொன்று வாங்குவதே மலிவு.

மூடி திறந்த நிலையில், குளிர்ந்த எஞ்சினை ஸ்ராட் செய்ததும் தண்ணீரில் ஓயாது குமிழி வந்தால், அல்லது ஒயில் பால்போல வெளுத்திருந்தால், அது ஹெட் காஸ்கற் நோய். அதை வீட்டில் தொடாது மெக்கானிக்கிடம் விடுங்கள்.

படிவைக் கரைக்கப் பித்தளைப் பாத்திரத்துக்குப் பழப்புளி போடும் அதே வழிதான்: புளிப்பு. பழைய தண்ணீரை இறக்கி, தேர்மோஸ்ரற்றைத் தற்காலிகமாக எடுத்துவிட்டு, லீற்றருக்கு 40 கிராம் வரை சிற்றிக் அமிலத் தூள் கரைத்து நிரப்புங்கள். இருபது நிமிடம் ஓடவிட்டு, நிறுத்தி, ஆறியபின் இறக்குங்கள். வருவது செங்காவிச் சேறாயிருக்கும். தெளியும்வரை கழுவி, கடைசியில் சிறிது அப்பச்சோடா கரைத்த தண்ணீரால் ஒருமுறை கழுவுங்கள். எஞ்சின் பக்கத்துத் திருகு திறந்தும் தண்ணீர் வராவிட்டால், துருவை ஒரு கம்பியால் குத்தி எடுக்கவேண்டும். இது இரும்புத் தலையுள்ள பழைய எஞ்சினுக்கே உரியது. அலுமினியத் தலையுள்ள புதிய கார்களுக்கு வேண்டாம். இன்னொன்று: படிவே அடைத்து வைத்திருந்த ஓட்டைகள் கழுவியபின் ஒழுகத் தொடங்கலாம். அதற்காக அமிலத்தைக் குறை கூறவேண்டாம். ஓட்டை முன்பே இருந்தது.

பின்னர் எந்தத் தண்ணீரை ஊற்றுவது? கார்த்திகை, மார்கழி மழையில் முதல் மழை கூரையைக் கழுவிப் போனபின் பிடித்த நீரே உத்தமம். அது இல்லையேல் பற்றறித் தண்ணீர். அதனோடு போத்தலில் குறித்த அளவு கூலன்ற் கலக்கவேண்டும். “எங்கள் ஊரில் பனியா உறைகிறது?” என்று சிலர் கேட்பர். எமக்கு வேண்டியது துருவைத் தடுக்கும் மருந்து. கொதிநிலை சற்று உயர்வதும் ஆதாயம்.

கூலன்ற் இனிக்கும், ஆனால் நஞ்சு. நாயும் கோழியும் குடித்துவிடும். இறக்கிய பழைய கூலன்றை வேலியோரம் ஊற்றினால், வெடிப்புள்ள இந்தக் கல்லில் அது எந்தக் கிணற்றில் போய்ச் சேரும் என்று எவராலும் சொல்லமுடியாது. மூடியுள்ள கலனில் விட்டு, ‘நஞ்சு’ என்று எழுதி, பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்தில் வைத்து, வாங்கிக்கொள்ளும் கராஜ் ஒன்றில் ஒப்படையுங்கள்.